மன்னார்குடியில் பாரம்பரிய அரிசி விற்கிறேன். விளம்பரத்தில் என்ன சொன்னால் எடுபடும்?

‘பாரம்பரியம், ஆரோக்கியம்’ எல்லாம் வேண்டாம். டெல்டாவில் எந்தப் பையைப் பார்த்தாலும் அதுதான் இருக்கிறது. விஷயத்தைச் சொல்லுங்கள். உதாரணமாக, மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் விளைய ஏறத்தாழ 160 நாள் ஆகும். குறுகிய காலப் பயிரான குறுவை ரகங்கள் 120 நாளுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா உயரமாகவும் வளரும், கதிர் முற்றும் நேரத்தில் மழையும் காற்றும் சேர்ந்தால் சாய்ந்துவிடும். விலை ஏன் கூடுதல் என்று கேட்பவருக்கு இதுவே பதில். எந்த ஊர் வயல், நெல் அரைத்த தேதி, விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், மூன்றையும் பையிலேயே போடுங்கள். கடைசியைப் போடத்தான் பலருக்கும் மனசு வராது!

சர்க்கரை நோய் குணமாகும் என்று மட்டும் எழுதாதீர்கள். உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. அப்புறம், முந்தின இரவே ஊறவைக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அது தெரியாமல் உலையில் போட்டவர் திரும்ப வாங்க வரமாட்டார்.