மாவு வியாபாரம் 70 கிலோ ஓடுகிறது, வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. மதுரை திருநகரில் வாடகை வீடு. கப்பலூரில் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். பி.எஃப். பிடித்தது போகக் கைக்கு 34,000 ரூபாய் வருகிறது. அடிப்படைச் சம்பளம் 18,000. சேர்ந்து 8 வருடம் 7 மாதம் ஆகிறது. வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், வண்டி டியூ, சீட்டு எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு மாதம் 31,000. 14 மாதங்களாக என் மனைவியும் அம்மாவும் வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கிறார்கள். இப்போது தினமும் 70 கிலோ போகிறது. பாதி வீடுகளுக்குக் கிலோ 40 ரூபாய்க்கு, பாதி 11 கடைகளுக்கு 34 ரூபாய்க்கு. அரிசி, உளுந்துச் செலவு போக மாதம் 25,000 நிற்கிறது. மாதத்தில் 26 நாள்தான் ஆட்டுகிறோம். காலை ஐந்து மணிக்கு நான் டெலிவரி முடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். அங்கே யாரோ ஒருவருக்குப் பதில் சொல்லியே நாள் போகிறது. வேலையை விட்டுவிட்டு, 9 லட்சம் போட்டு, தனிக் கடை, இரண்டு பெரிய கிரைண்டர், ஒரு லோடு வண்டி என்று இறங்கலாம் என்று இருக்கிறேன். பேங்க் லோன் கேட்கிறேன், குறைந்தால் பி.எஃப். பணமும் நகையும் இருக்கிறது. பேங்கில் டெபாசிட் 3.4 லட்சம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. வேலையை விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் இப்போது வேண்டாம். நான் சொல்லும் கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, நாள் குறித்து விடுங்கள். உங்கள் ஆசையில் தவறு எதுவும் இல்லை. காலையில் மாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கு ஷிப்டில் நின்று இன்னொருவரின் கோபத்தையும் வாங்கிக்கொள்வது எவ்வளவு களைப்பு என்று எனக்குப் புரிகிறது. அதனால்தான் இந்தக் கணக்கை அவசரப்படாமல் போட வேண்டும் என்கிறேன்.

முதலில் அந்த 25,000. அரிசியும் உளுந்தும் மட்டும் கழித்தால் அவ்வளவு நிற்பது சரிதான். நீங்கள் தனித் தாளில் அனுப்பிய விலைகளை வைத்து நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இட்லி அரிசி 23 கிலோ, உளுந்து 5 கிலோ, கொஞ்சம் வெந்தயம், உப்பு. மொத்தம் சுமார் 1,620 ரூபாய். விற்று வருவது 2,590. நாளுக்கு 970 மிச்சம், 26 நாளைக்கு 25,000 சொச்சம்.

ஆனால் மாவு கவரில் அல்லவா போகிறது? கவர் ஒன்றுக்கு 1.20 என்று வைத்தால் மாதம் 2,200. கரண்டுக்கு 1,800. டெலிவரி பெட்ரோல் 2,400. கிரைண்டர் கல் கொத்த, பெல்ட் மாற்ற, மோட்டார் போனால் காயில் கட்ட என்று மாதம் ஆயிரமாவது எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் நீங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்று, ரிட்டர்ன். சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் மூன்று மணிக்குக் கடை அலமாரியில் மாவுப் பாக்கெட்டைப் பாருங்கள். பலூன் மாதிரி உப்பி, ஒட்டிய ஓரத்தில் வெள்ளையாகக் கசிந்துகொண்டு இருக்கும். அதைக் கடைக்காரர் விற்க மாட்டார், மறுநாள் காலையில் உங்கள் கையில் கொடுத்துவிடுவார். நாளைக்கு மூன்று பாக்கெட் என்று குறைவாகவே வைத்தாலும் மாதம் 2,650 ரூபாய். எல்லாம் சேர்த்து 10,000 போகிறது. மிச்சம் 15,000.

அந்த 15,000மும் லாபம் இல்லை. அரிசி ஊறப்போடுவது, கழுவுவது, ஆட்டுவது, நிறுத்துக் கவர் ஒட்டுவது எல்லாம் மனைவியும் அம்மாவும் செய்கிறார்கள். அவர்கள் இடத்தில் ஒரு ஆளை வைத்தால் 10,000 கொடுக்க வேண்டி வரும். அதையும் கழித்தால் தொழில் தானாகச் சம்பாதிப்பது 5,000 ரூபாய். மீதி அந்த இரண்டு பெண்களின் கூலி. சர்க்கரை உள்ள ஒரு அம்மா தினமும் ஈர அரிசிப் பாத்திரத்தைத் தூக்கி ஊற்றி இந்த வருமானத்தைத் தாங்குகிறார். அவருக்கு ஒரு மாதம் முடியாமல் போனால் தொழில் நிற்கும். ஆகவே நீங்கள் வேலையை விடும் கணக்கில் ஒரு ஆள் சம்பளம் கட்டாயம் இருக்க வேண்டும்.

இதற்கு அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்குக் கொடுக்கும் கிலோவையும் கடைக்குக் கொடுக்கும் கிலோவையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கிலோ மாவுக்கு அரிசி, உளுந்துச் செலவு 23 ரூபாய் 15 காசு. வீட்டுக்கு 40க்குக் கொடுத்தால் கவர், பெட்ரோல் போக 14 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. கடைக்கு 34க்குக் கொடுத்து, ரிட்டர்ன் நஷ்டத்தையும் கழித்தால் ஐந்தரை ரூபாய்கூட முழுசாக நிற்கவில்லை. அதாவது உங்கள் தொழிலைத் தூக்கி நிறுத்துவது அந்த 35 கிலோ வீட்டு வியாபாரம். கடை வியாபாரம் பேருக்குப் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதிலும் அந்த 11 கடைகளில் எத்தனை பேர் அன்றன்றைக்குக் காசு தருகிறார்கள்? வாரக் கடைசியில் தருகிறேன் என்று சொல்லி இரண்டு வாரப் பாக்கி நின்றால், கீழமாசி வீதியில் அரிசி எடுக்க வேண்டிய பணம் அவர்கள் கல்லாவில் கிடக்கிறது என்று அர்த்தம்.

இப்போது நீங்கள் வேலையை விட்டால் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். வீட்டுச் செலவு 31,000, ஆள் சம்பளம் 10,000, ஆட்டும் அளவு கூடுவதால் கரண்டும் ரிப்பேரும் 4,000. மொத்தம் 45,000. கரண்டும் ரிப்பேரும் இங்கே தனியாக வந்துவிட்டதால், அவற்றைக் கழிக்காமல் பார்த்தால் இன்றைய 70 கிலோ இதில் 18,000 தருகிறது. மீதி 27,000க்கு வழி தேட வேண்டும். கடைகளையே கூட்டிக்கொண்டு போனால் தினமும் 260 கிலோவுக்கு மேல் ஆட்ட வேண்டும். வீடுகளைக் கூட்டினால் 145 கிலோ போதும். இதே வருமானத்துக்கு 115 கிலோ வித்தியாசம் என்றால் யோசித்துப் பாருங்கள், எத்தனை மூட்டை அரிசி, எத்தனை மணி நேர உழைப்பு!

அதன் மேல் 9 லட்சம் லோன். 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 19,500 ரூபாய் வரும். அதைக் கட்ட மட்டும் இன்னும் 52 கிலோ வீடுகளுக்குப் போக வேண்டும், அல்லது கடைகளுக்கு 139 கிலோ. மாவு விற்றாலும் விற்காவிட்டாலும் ஐந்தாம் தேதி தவணை வந்து நிற்கும். தனிக் கடையும் லோடு வண்டியும் இந்தத் தொழிலுக்கு இப்போது தேவையில்லை. 145 கிலோவை இரண்டு நடையில் பைக்கில் கிரேட் கட்டிக் கொண்டுபோய்விடலாம்.

டெபாசிட்டில் இருக்கும் 3.4 லட்சத்தில் ஆறு மாத வீட்டுச் செலவுக்கு 1.86 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். மீதி 1.5 லட்சம்தான் உங்கள் முதல். ஒரு டில்டிங் கிரைண்டர், மாவைக் குளிர்ச்சியில் வைக்க ஒரு பெட்டி. வெயில் காலத்தில் ரிட்டர்ன் குறைய அந்தக் குளிர்பெட்டி ஒன்றே பெரிய உதவி. வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது. கிரைண்டர் ஏறும்போதே தொழிலுக்கான இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு அபராதம் வேண்டாம்.

பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். 2024-25க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி கிடைத்தது. அந்த வட்டியில் நிம்மதியாக இருக்கும் பணத்தை ஊறப்போட்ட அரிசியில் போட வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. பி.எஃப். ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற 10 வருட சர்வீஸ் வேண்டும். உங்களுக்கு இன்னும் 17 மாதம் பாக்கி. 15,000 ரூபாய் சம்பள வரம்பில் 10 வருடத்துக்கான கணக்கு, 15,000ஐ 10ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால், 58 வயதில் மாதம் சுமார் 2,140 ரூபாய். சிறிய தொகைதான். ஆனாலும் ஆயுள் முழுக்க வரும். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி எப்போது விட்டாலும் கிடைக்கும்: இன்றைக்கு என்றால் சுமார் 93,000, 10 வருடம் முடித்தால் 1.03 லட்சத்துக்கு மேல். அதைத் தொழிலில் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆகவே இந்த 17 மாதத்தைக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு முழுக் கோடையும் ஒரு கார்த்திகை, மார்கழியும் கடந்துவிடும். வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கும், குளிரில் பொங்காமல் கல்லாக இருக்கும். இரண்டிலும் தொழில் எப்படி நிற்கிறது என்று நோட்டில் தெரிந்துவிடும். தொடர்ந்து ஆறு மாதம், எல்லாச் செலவும் ஆள் கூலியும் போக 31,000 நின்றால் 17 மாதம் முடிந்ததும் ராஜினாமா கொடுங்கள். 17 மாதம் முடிந்தும் 100 கிலோவிலேயே நின்றால் வேலையும் இருக்கும், மாவும் இருக்கும், கடன் இருக்காது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுக்கும் குரூப் பாலிசி நீங்கள் வேலையை விட்ட அன்றோடு முடிந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் புதுப் பாலிசியில் அதிகபட்சம் மூன்று வருடம்வரை காத்திருக்க வேண்டி வரலாம். அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் எழுதி இப்போதே அவருக்கும் உங்கள் மூவருக்கும் சொந்தப் பாலிசி எடுத்தால், வேலையை விடும் நேரத்தில் அந்தக் காத்திருப்பில் ஏறக்குறைய பாதி ஓடியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் பிரீமியத்திலும் கொஞ்சம் மிச்சம். வீட்டில் மூன்று பேர் உங்களை நம்பி இருக்கிறார்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அரசு மானியம் பற்றி. தொழிலை உங்கள் மனைவி பெயரில் கொண்டுபோவதுதான் முறை. ஆட்டுவது அவர், வீட்டு வாடிக்கையாளர்களோடு பேசுவதும் அவராகத்தான் இருக்கும். புதுத் தொழிலுக்கு மானியத்தோடு வங்கிக் கடன் தரும் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தின் விதிப்படி பெண்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள்: நகர்ப்புறத்தில் திட்டச் செலவில் 25 சதவீதம், ஊராட்சிப் பகுதியில் 35 சதவீதம் மானியம், கைப்பணம் 5 சதவீதம் போதும். பொதுப் பிரிவில் ஓர் ஆண் போட்டால் நகர்ப்புறத்தில் 15 சதவீதம்தான். ஆனால் இது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் கிடையாது. எனவே உத்யம் என்ற சிறுதொழில் பதிவு உட்பட எதையும் செய்வதற்கு முன் மாவட்டத் தொழில் மையத்தில் போய், இப்படி வீட்டில் சிறிதாக ஆட்டிக்கொண்டு இருக்கிறோம், இந்த ஆண்டு நடப்பில் உள்ள எந்தத் திட்டத்தில் நாங்கள் வருவோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். மானியப் பணம் கைக்கு வராது, வங்கியிலேயே மூன்று வருடம் டெபாசிட்டாக நின்று பிறகு கடனில் கழியும் என்பதும் தெரிந்திருக்கட்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் ஏஜென்டிடம் போகாதீர்கள். வீட்டில் ஆட்டி விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு கட்டாயம். பதிவு எண், எடை, தயாரித்த தேதி கவரில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. பதிவு பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான். நீங்கள் 8 லட்சத்தில் இருக்கிறீர்கள்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அடகு வைக்காதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். நகை வங்கிக்குப் போன பிறகு ஒரு மாதம் கடைப் பாக்கி வராமல் கை முட்டினால், அடுத்து வாசலில் வந்து நிற்பது தண்டல்காரர்தான். பத்தாயிரம் என்று எழுதி, 1,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார். தினமும் 100 ரூபாய், நூறு நாள். பார்க்க லேசாக இருக்கும். ஆனால் முதலும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவதால், ஆண்டுக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. கிலோவுக்கு ஐந்து ரூபாய் நிற்கும் தொழிலில் தினம் 100 என்பது 20 கிலோ மாவு. நன்றாக ஓடிய சின்ன வியாபாரங்கள் இப்படி ஓய்ந்துபோனதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த வலி உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

வீட்டு வாடிக்கையாளரைக் கூட்ட வழி உங்கள் தெருவிலேயே இருக்கிறது. திருநகர், பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கம் அடுக்குமாடிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டைப் பிடித்து, முந்தின இரவு ஒன்பது மணிக்குள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுங்கள். ஆர்டர் அளவுக்கே ஆட்டினால் ரிட்டர்ன் என்ற பேச்சே இல்லை. பாக்கி தரத் தாமதிக்கும் கடைகள் இரண்டு மூன்றை மரியாதையாக நிறுத்திவிடுங்கள். அந்த மாவு வீடுகளுக்குப் போகட்டும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மனைவி ஆட்டுகிறார், அம்மா ஆட்டுகிறார் என்று இருக்கிறது. 145 கிலோ ஆட்டவும், இந்தத் தொழிலைத் தன் பெயரில் நடத்தவும் மனைவிக்கு விருப்பமா என்பதற்கு ஒரு வரி இல்லை. இன்று இரவு கிரைண்டரைக் கழுவி வைத்த பிறகு அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.