தீபாவளிக்கு ஊருக்குப் போவதா, பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துப் போவதா?

கேட்டவர் கோலாலம்பூரில் இருக்கிறார். மகன் பேட்மிண்டன் ஆடுகிறான், மாமனார் வீடு தைப்பிங்கில். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. போட்டி அதற்கு முதல் நாள், சனிக்கிழமை. எதை விடுவது, பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்.

எங்களுக்கு இதே கதை 2023-இல் நடந்தது. அந்த ஆண்டும் தீபாவளி ஞாயிற்றுக்கிழமைதான், நவம்பர் 12. நாங்கள் இருப்பதும் கோலாலம்பூரில்தான், செந்தூலில். அம்மா வீடு கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில். மகளுக்கு அப்போது பத்து வயது, ஸ்குவாஷ் ஆடுகிறாள். மாமியார் வீடு கிள்ளான் என்பதால் அந்தப் பக்கம் பெரிய சிக்கல் இல்லை, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். தலைவலியெல்லாம் வடக்கே போகும் 350 கிலோமீட்டர் சொச்சத்தில்தான்.

எங்கள் வீட்டில் தீபாவளியைவிட அதற்கு முதல் நாள் மாலைப் படையல்தான் பெரிது. அப்பா போனதிலிருந்து அம்மா அதில் ஒரு குறை வைத்ததில்லை. அந்த வாரம் புதன்கிழமைதான் அம்மாவுக்குப் போன் செய்து, "சனிக்கிழமை கொஞ்சம் லேட்டாகும்மா, இவளுக்கு ஆட்டம் இருக்கு" என்றேன். அந்தக் 'கொஞ்சம்' பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். பெயர் கொடுத்தது செப்டம்பரில்.

காலையில் ஒரு ஆட்டம், ஜெயித்தாள். இரண்டாவது ஆட்டம் ஐந்தாவது செட் வரை போனது. ஒன்பதுக்கு ஒன்பது என்று நிற்கும்போது மேலே உட்கார்ந்திருந்த நான் மணியைப் பார்த்தேன். தோற்றுவிட்டால் இப்போதே கிளம்பலாமே என்று ஒரு நினைப்பு வந்துபோனது. பெற்ற தாய்க்கு வரக்கூடாத நினைப்பு, ஆனால் வந்தது. அவள் ஜெயித்தாள். மூன்றாவது ஆட்டமும் முடிந்து காடியை எடுக்கும்போது மாலை ஆறரை. ரவாங் வரை ஊர்ந்தோம், ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் நின்றே விட்டோம். சின்னவன் பின்சீட்டில் தூங்கிவிட்டான். மூத்தவள் தூங்கவில்லை. "நான் ரெண்டாவது மேட்ச்ல தோத்திருந்தா நேரத்தோட போயிருக்கலாம், இல்லம்மா?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் போட்டியில் தோற்றவர்களுக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள் இருந்தன. தோற்றிருந்தாலும் ஆறரைக்குத்தான் கிளம்பியிருப்போம்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. பத்து மணி வரை காத்திருந்துவிட்டு அண்ணன் சூடம் ஏற்றியிருக்கிறார். அப்பா படத்துக்கு முன்னால் இலை அப்படியே இருந்தது. அவருக்குப் பிடித்த சார்டின் சம்பல் ஓரமெல்லாம் காய்ந்திருந்தது, அவருடைய பழைய மங்குக் குவளையில் கோப்பி-ஓ ஆறி, மேலே ஓர் எறும்பு மிதந்தது. பேத்தி ஏற்றட்டும் என்று ஒரு துண்டுச் சூடத்தை மட்டும் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார் அம்மா. திட்டவே இல்லை. "கை கால கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார். மறுநாள் முறுக்குத் தட்டோடு பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் காதில் விழுந்தது: "அவங்களுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு."

இந்தப் பேச்சு என்னை மாதக்கணக்கில் அரித்தது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், விளையாட்டு பிடிக்கவில்லையா என்று. அம்மா சொன்னது: "விளையாடட்டும், யாரு வேணாங்கிறா? வரமுடியலன்னா வரமுடியலன்னு சொல்லு. வரேன் வரேன்னு சொல்லி இலையப் போட வைக்காத."

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எதை விடுவது என்று முடிவெடுத்துவிட்டு மாமனாரிடம் போகாதீர்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே போங்கள். முடிவாகிவிட்ட சேதியைக் காதில் போட்டால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். முடிவாகாததைக் கொண்டுபோனால் அவர்களே ஒரு வழி சொல்வார்கள். இப்போது போட்டி அட்டவணை வந்ததுமே தேதிகளை அம்மாவிடம் வாசித்துவிடுகிறேன், அவர் சமையலறை நாள்காட்டியில் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறார்.

கோச்சிடமும் அப்படித்தான். "தீபாவளிக்கு முதல் நாள் வரமுடியாது" என்று சொன்னபோது அவருக்கு விளங்கவில்லை, பெருநாள் மறுநாள்தானே என்றார். அவர் சீனர், ஈப்போக்காரர். "சீனப் பெருநாளுக்கு முதல் நாள் ராத்திரி நீங்கள் எல்லோரும் அம்மா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களே, எங்களுக்கு அதுதான் இது" என்றேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர் கேள்வியே கேட்கவில்லை. மூன்று நாள் பயிற்சி விட்டுப்போனால் ஆட்டம் கெட்டுவிடும் என்று பயந்தது நான்தான். மட்டையையும் தொடக்கநிலைக்காரர்கள் ஆடும் நீலப் புள்ளிப் பந்தையும் எடுத்துக்கொண்டு போகிறோம், அம்மா வீட்டுத் துணி துவைக்கும் இடத்துச் சுவரில் இருபது நிமிடம் அடிக்கிறாள். போட்டியில் ஆடும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து அங்கே உதவாது, சூடேறினால்தான் அது துள்ளும். ஒரு கறிவேப்பிலைத் தொட்டி உடைந்தது, வேறு சேதம் இல்லை.

எங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு பள்ளி. இங்கே சனியும் ஞாயிறும். அண்ணன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடச் சனிக்கிழமை ஒன்றுதான், போட்டி வைப்பவர்கள் கண்ணும் அதன்மேல்தான். அதனால் ஆண்டில் இரண்டு சனிக்கிழமைகளை எந்தப் போட்டிக்கும் கொடுப்பதில்லை என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறோம். தைப்பிங் இருப்பது பேராக் மாநிலத்தில், அங்கேயும் விடுமுறை சனியும் ஞாயிறும்தான், உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

போன ஆண்டு ஜூனில் அம்மாவையே இங்கே வரவழைத்தோம், இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வரை. புக்கிட் ஜாலிலில் முதல்முறையாகப் பேத்தி ஆடுவதைப் பார்த்தார். முதல் பத்து நிமிடம், "அந்தச் சுவத்தப் போட்டு எதுக்கு இந்த அடி அடிக்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நம் நாட்டு வீராங்கனை சிவசங்கரி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது இந்த ஆட்டத்தில்தான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம கெடாப் பிள்ளையா?" மகள் அன்று தோற்றாள். அம்மா நடுவரைத்தான் குறை சொன்னார். அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் யாராவது என்னைப் பற்றி ஆரம்பித்தால் பதில் சொல்வது அவர்தான். நூறு தடவை போனில் விளக்கியும் ஆகாதது அந்த ஒரு மதியத்தில் ஆனது. முடிந்தால் உங்கள் மாமனாரையும் ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள்.

எல்லாம் சுபமாக முடிகிறது என்று நினைக்கவேண்டாம். 2025-இல் தீபாவளி திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் போட்டி. பெயர் கொடுக்கவில்லை. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவளோடு பயிற்சி செய்யும் பெண் அதில் மூன்றாவதாக வந்தாள். படையலுக்கு இலை போடும்போதும் முகம் தூக்கித்தான் வைத்திருந்தாள். நான் செய்தது சரியா என்று கேட்டால், அவளைத்தான் கேட்கவேண்டும்.

உங்கள் நவம்பர் 7-க்கு வருகிறேன். ஏற்பாட்டாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தோற்றவர்களுக்கு மேற்கொண்டு ஆட்டம் உண்டா, பெயரை மீட்டுக்கொள்ளக் கடைசி நாள் எது. பேட்மிண்டனில் பெரும்பாலும் தோற்றால் அன்றே வெளியே, ஆகவே மதியமே கிளம்ப வாய்ப்பிருக்கிறது. அந்த வாய்ப்பைப் பற்றி மகன் காதில் விழும்படி மட்டும் பேசாதீர்கள். உங்கள் மாமனார் வீட்டிலும் முதல் நாள் படையல் உண்டென்றால், என் கணக்கில் போட்டியை விடுங்கள். ஞாயிறு காலை எண்ணெய்க் குளியலும் பசியாறலும்தான் முக்கியம் என்றால் ஆடவிடுங்கள், வீட்டுக்காரரும் சின்னப் பிள்ளைகளும் வெள்ளி இரவே போய்விடட்டும், நீங்களும் மகனும் பின்னால் ரயிலில் போங்கள். தைப்பிங்கில் இடிஎஸ் நிற்கும். பெருநாள் டிக்கெட் திறந்த கையோடு முடிந்துவிடும், முதலில் அதை வாங்கிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.