படம் அசல்தானா? வாட்டர்மார்க் பற்றி வாசகர்கள் கேட்டவை

ரூபாய் நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காலியாகத் தெரிந்த இடத்தில் காந்தி தெரிவார். அந்த உருவத்தை யாரும் மேலே அச்சடிக்கவில்லை. காகிதம் செய்யும்போதே உள்ளே வந்துவிடுகிறது. வாட்டர்மார்க், அதாவது நீர்க்குறி என்ற பெயர் அந்தக் காகிதத்திலிருந்து வந்ததுதான். டிஜிட்டல் படம் என்பது எண்களின் அடுக்கு. அந்த எண்களுக்குள்ளும் இதே போலக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு செய்தியைப் பொதிந்து வைக்கலாம். இதைப் படிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை என்பதால் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கல்யாணப் படங்களின் மூலையில் எங்கள் ஸ்டுடியோ பெயரைப் போடுகிறோம். அதை வெட்டியோ, ஆப்பில் அழித்தோ வேறொருவர் தன் படமாகப் போட்டுக்கொள்கிறார். அழிக்கவே முடியாத வாட்டர்மார்க் இருக்கிறதா?
— ஸ்டுடியோ உரிமையாளர், திண்டுக்கல்

அழிக்கவே முடியாது என்று சொல்லி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அப்படி ஒன்று இல்லை. அழிக்கிறவருக்கு வேலையைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

மூலையில் போடும் பெயருக்கு ஒரு பலவீனம் உண்டு. நூறு படங்களிலும் ஒரே லோகோ அச்சுப் பிசகாமல் இருந்தால், அந்த நூறையும் ஒப்பிட்டுப் பார்த்தே கணினி லோகோவைத் தனியாகப் பிரித்து நீக்கிவிடும். 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். லோகோவை இடம் மாற்றிப் போடுவது போதவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்திலும் அதைக் கொஞ்சம் வெவ்வேறு விதமாக நெளித்துப் போட்டால் சுத்தமாக நீக்க முடியவில்லை, அழித்த தடம் தெரிகிறது என்றும் அவர்களே சொன்னார்கள். உங்கள் எடிட்டரிடம் சொன்னால் செய்துவிடுவார்.

கண்ணுக்குத் தெரியாத வகையும் உண்டு. அதில் ஆய்வாளர் இங்கமார் காக்ஸும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட கட்டுரை பெரிய திருப்பம். குறியை ஒளிப்பது என்றால் படத்தில் முக்கியமில்லாத இடத்தில் ஒளிப்பதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் படத்தைச் சுருக்கும்போது முதலில் தூக்கி எறியப்படுவது அந்த இடம்தான். எனவே அவர்கள் படத்துக்கு உயிர் கொடுக்கிற பகுதிகளிலேயே, 1,000 எண்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறியைப் பரப்பினார்கள். அதை அழிக்க நினைத்தால் படமும் கெட்டுப்போகும். அவர்கள் முறையில் குறியைத் தேடி எடுக்க அசல் படம் தேவை. அது உங்களிடம்தானே இருக்கிறது?

அப்புறம், ரா ஃபைல்களை, அதாவது கேமரா பதிவு செய்த அசல் கோப்புகளை, டெலிட் செய்யாதீர்கள். சண்டை என்று வந்தால், வெட்டாத முழுப் படமும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஷாட்களும் எடுத்தவரிடம் மட்டும்தான் இருக்கும். என்னைக் கேட்டால் எந்த வாட்டர்மார்க்கையும்விட அது பலமான சாட்சி.

எல்எஸ்பி முறையில் வாட்டர்மார்க் புராஜெக்ட் செய்தேன். ஜேபெக்காக சேவ் செய்தாலே அழிந்துவிடுகிறதே, இதனால் என்ன பயன் என்று கைடு கேட்கிறார். என்ன சொல்வது?
— இறுதியாண்டு மாணவி, திருச்சி

உடைவதுதான் அதன் பயன் என்று சொல்லுங்கள். மருந்து பாட்டிலின் மூடியைத் திருகினால் சீல் உடைய வேண்டும். உடையாத சீலால் யாருக்கு லாபம்? திண்டுக்கல் வாசகருக்கு எதைச் செய்தாலும் நிற்கிற குறி வேண்டும். படத்தில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட விரும்புகிறவருக்குத் தொட்டாலே உடைகிற குறி வேண்டும்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை ஓர் எண், அதாவது 8 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்). கடைசி பிட்டை மாற்றினால் 150 என்பது 151 ஆகும். எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தக் கடைசி பிட்களில் செய்தியை எழுதுவதுதான் எல்எஸ்பி. ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது அந்த பிட்கள் மாறிவிடுகின்றன.

ஆனால் கடைசி பிட்களில் கல்லூரி லோகோவை மட்டும் எழுதியிருந்தால் உங்கள் கைடு விடமாட்டார், விடவும் கூடாது. திருடுபவன் கடைசி பிட்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்வான், படத்தை மாற்றுவான், பிறகு அதே பிட்களைத் திரும்ப ஒட்டிவிடுவான். லோகோ பத்திரமாக இருக்கும், படம் மட்டும் பொய்யாக இருக்கும். இதற்கு 1998இல் பிங் வா வாங் என்ற ஆய்வாளர் ஒரு வழி சொன்னார். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே உள்ள 7 பிட்களிலிருந்து ஒரு ஹாஷ், அதாவது கைரேகை போன்ற ஒரு சிறு எண், கணக்கிட்டு, அதோடு லோகோவைக் கலந்து, ரகசியச் சாவியால் பூட்டிக் கடைசி பிட்களில் எழுதுங்கள். யாராவது முகத்தை மாற்றினால் முகம் இருக்கும் கட்டங்களில் மட்டும் லோகோ சிதைந்து வரும். மாற்றம் நடந்தது என்பதோடு எங்கே நடந்தது என்பதும் தெரிகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அதிலும் ஓட்டை இருந்தது. கட்டங்கள் ஒன்றையொன்று சாராமல் இருப்பதால், ஒரே சாவியால் குறியிட்ட இன்னொரு படத்திலிருந்து ஒரு கட்டத்தைக் கொண்டுவந்து பொருத்தினால் அது சரி என்றே காட்டும். 2000இல் ஹாலிமன், மேமன் என்ற ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்தினார்கள். கட்டம் எந்த இடத்தில் இருக்கிறது, படத்தின் எண் என்ன என்பதையும் ஹாஷில் சேர்த்துவிட்டால் அந்த ஓட்டை அடைபடும். உங்கள் புராஜெக்டில் இதைச் சேர்க்க ஒரு நாள் போதும், சேர்த்துவிடுங்கள்.

ஜேபெக்கைத் தாங்க வேண்டும், முகத்தை மாற்றினால் மட்டும் உடைய வேண்டும் என்று கைடு கேட்டால் அதற்கும் பதில் உண்டு. ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அலைவெண்களாக (வெளிச்சம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைச் சொல்லும் எண்களாக) மாற்றி, ஓர் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. இரண்டு கட்டங்களில் ஒரே இடத்தில் இருக்கும் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதைவிடப் பெரியது. இரண்டையும் ஒரே எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கினால் இரண்டும் சமமாகிவிடலாம், ஆனால் பெரியது சிறியதாகவே முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிங்-யுங் லின்னும் ஷிஃபூ சாங்கும் இந்த எளிய உண்மையை வைத்துத்தான் சுருக்கத்தைத் தாங்கி, திருத்தத்தைப் பிடிக்கும் முறையைக் கட்டினார்கள். பள்ளிக்கூடக் கணக்குதான்!

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சோதித்தேன். ஏஐ வாட்டர்மார்க் இல்லை என்று வந்தது. அப்படியானால் உண்மைப் படம்தானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

இல்லை ஐயா. கூகுள் 2023 ஆகஸ்டில் சிந்த்ஐடி என்ற மறைவான குறியை அறிமுகப்படுத்தியது. நீங்கள் செய்தது கூகுளின் சோதனை என்றால் அது அந்தக் குறியைத்தான் தேடும். வேறு நிறுவனத்தின் கருவியிலோ, யாரோ வீட்டுக் கணினியில் ஓட்டும் மாடலிலோ உருவான படத்தில் அது இல்லாமல் இருக்கலாம். குறி இருந்தால் ஏஐ கை பட்ட படம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இல்லையென்றால் எதுவுமே சொல்ல முடியாது. பழைய போட்டோவைப் புதுச் சம்பவம் என்று அனுப்பினால் அதையும் எந்த வாட்டர்மார்க்கும் பிடிக்காது. படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு முன்பு எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள்.

புதிய கேமராக்களில் படத்துக்குக் கையொப்பம் இடும் வசதி வருகிறதாமே. செய்திப் படம் எடுக்கிற எங்களுக்கு அது உதவுமா?
— பத்திரிகைப் புகைப்படக்காரர், சென்னை

உதவும். ஆனால் அது எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

2006 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட பெய்ரூட் படம் ஒன்றில், குண்டு விழுந்த நகரத்தின் மேல் எழுந்த புகை போட்டோஷாப்பில் பெருக்கப்பட்டிருந்தது. வலைப்பதிவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ராய்ட்டர்ஸ் அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களைத் தன் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டது. பொய்யான ஒரு படத்தால் மீதிப் படங்களின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. நேர்மையாக வேலை செய்கிற உங்களைப் போன்றவர்களுக்கு அசல் என்று காட்ட ஒரு வழி கட்டாயம் வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்த வழியைத் தேடி அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட், இன்டெல் முதலியவை சேர்ந்து 2021இல் சி2பிஏ என்ற அமைப்பைத் தொடங்கின. அதன் முறையில், ஷட்டரை அழுத்தும்போதே கேமரா தன் ரகசியச் சாவியால் படத்துக்குக் கையொப்பமிடும். பிறகு செய்யும் திருத்தங்களும் படத்தோடு வரும் ஒரு குறிப்பேட்டில் ஏறும். 2023இல் வந்த லைக்கா எம்11-பி இந்த வசதியோடு வந்த முதல் கேமரா.

பலவீனம் சாவியில் இருக்கிறது. கேனான் முன்பே இதே போன்ற ஒரு சரிபார்ப்பு முறையை வைத்திருந்தது. 2010இல் எல்காம்சாஃப்ட் என்ற ரஷ்ய நிறுவனம் கேமராவுக்குள்ளிருந்து சாவியை எடுத்து, நிலவில் சோவியத் கொடி நடும் படத்தை அசல் என்றே சரிபார்க்க வைத்தது. 2011இல் நிக்கான் முறைக்கும் அதே கதி. 2025இல் நிக்கான் இசட்6-III கேமராவில், பல எக்ஸ்போஷர்களை (தனித்தனிப் படங்களை) ஒன்றாக்கும் வசதி வழியாகக் கையொப்பமில்லாத படத்துக்கும் கையொப்பம் வாங்க முடிந்தது. நிக்கான் சேவையை நிறுத்தி, வழங்கிய சான்றிதழ்களை ரத்து செய்தது.

இன்னொன்று, இந்தக் கையொப்பம் படத்தின் எண்களுக்குள் இல்லை, ஃபைலோடு ஒட்டியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலோ கழன்றுவிடும். வாட்டர்மார்க் மறுபடி தேவைப்படுவது இங்கேதான்: கையொப்பம் கழன்றாலும், படத்துக்குள் இருக்கும் குறியை வைத்து அதன் குறிப்பேட்டைத் தேடி எடுக்கலாம். இரண்டும் சேர்ந்திருப்பதுதான் சரியான பாதை என்பது என் கருத்து. இப்போதைக்கு, டெஸ்க்குக்குப் படம் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள்.

நீதிமன்றத்தில் படத்தைச் சாட்சியமாகக் கொடுக்க வாட்டர்மார்க் தேவையா?
— இளம் வழக்கறிஞர், மதுரை

சட்டம் கேட்பது ஹாஷ். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி கொடுக்கும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும், எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் குறிக்க வேண்டும். எஸ்ஹெச்ஏ-256 எடுத்தால் 64 எழுத்துகள் வரும். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் முழுதும் மாறிவிடும். அதனால் கட்சிக்காரர் படத்தோடு வந்தவுடன், திறந்து திருப்பி சேவ் செய்வதற்கு முன்பே ஹாஷ் எடுத்துவிடுங்கள். ஹாஷ் எடுத்த நேரத்துக்குப் பிறகு மாறவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. அதற்கு முன் நடந்ததை அது சொல்லாது.

ஸ்கேன் படங்களில் வாட்டர்மார்க் போடலாம் என்கிறார்கள். நோயாளியின் படத்தில் ஒரு புள்ளியை மாற்றுவதுகூடத் தவறில்லையா?
— ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன், கோவை

உங்கள் தயக்கம் நியாயமானது. அதற்காகவே திரும்பப் பெறக்கூடிய வாட்டர்மார்க் என்று ஒரு வகையை உருவாக்கினார்கள். குறியை எடுத்துப் படித்த பிறகு படம் ஒரு பிட் குறையாமல் பழையபடி ஆகிவிடும். எப்படி என்றால், படத்தில் அதிகமாக வருகிற ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்வார்கள், 80 என்று வைத்துக்கொள்வோம். எங்கேயுமே வராத ஓர் எண்ணையும் தேடுவார்கள், 95 என்று வைப்போம். 81 முதல் 94 வரை உள்ள புள்ளிகளை எல்லாம் ஒன்று கூட்டினால் 81 காலியாகிவிடும். இப்போது ஒவ்வொரு 80ஐயும் அப்படியே விட்டால் 0, 81 ஆக்கினால் 1. படித்து முடித்ததும் 81 முதல் 95 வரை உள்ள புள்ளிகளை ஒன்று குறைத்து விடலாம்.

தேவை இருக்கிறதா என்றால், நிச்சயமாக. 2019இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுரையீரல் சிடி ஸ்கேனில் ஏஐ மூலம் புற்றுநோய்க் கட்டியைச் சேர்த்தும் நீக்கியும் காட்டினார்கள். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டுகளே ஏமாந்தார்கள்.

என் மகளின் படத்தை எடுத்து ஆபாசமாக மாற்றி மிரட்டுகிறார்கள். அவளுக்கு 20 வயது. அசல் படம் எங்களிடம் இருக்கிறது. வாட்டர்மார்க் போட்டிருந்தால் தடுத்திருக்கலாமா?
— ஒரு தாய்

தடுத்திருக்க முடியாது, அம்மா. போடாமல் விட்டது உங்கள் தவறும் இல்லை, படம் போட்டது அவள் தவறும் இல்லை. முதலில் அவளிடம் அதைச் சொல்லுங்கள்.

மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள். அசல் படத்தை எடுத்த போனிலேயே வைத்திருங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) தளத்தில் புகார் செய்யுங்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு அதில் தனிப் பகுதி உண்டு.

அதோடு ஸ்டாப்என்சிஐஐ டாட் ஆர்க் (StopNCII.org) என்ற தளத்துக்கு அவளே போகட்டும். இப்படிப்பட்ட படம் பரவாமல் தடுக்க உதவும் தளம் அது, ஹாஷை வைத்துத்தான் வேலை செய்கிறது. வழக்கறிஞருக்குச் சொன்ன ஹாஷ் ஒரு பிட் மாறினாலே மாறிவிடும். இங்கே பயன்படுவது வேறு வகை. படத்தின் தோற்றத்திலிருந்து எடுப்பதால், அளவு மாறினாலும் சுருக்கினாலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அவள் போனிலேயே கணக்கிட்டு அந்த எண்ணை மட்டும்தான் அனுப்பும். படம் போனை விட்டு வெளியே போகாது, யாரும் பார்க்கவும் மாட்டார்கள். இத்திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்த எண்ணோடு பொருந்தும் படத்தைத் தடுக்கும். மிரட்டியவன் அனுப்பியது போலிப் படமாக இருந்தாலும் அதைச் சேர்க்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற தனிச் சேவை இருக்கிறது. இன்றைக்கே செய்துவிடுங்கள்.