மின் மலைச் சைக்கிளைப் புதிதாக ஓட்டத் தொடங்குபவர் எதைக் கற்க வேண்டும்?

ஏற்றத்தை மோட்டாரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் இறக்கத்தைப் பழகுங்கள். சாதாரணச் சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் மின் மலைச் சைக்கிளுக்கென்று (கரடுமுரடான பாதைகளுக்கான, மோட்டார் துணையுள்ள சைக்கிள்) தனியாக ஏதும் கற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கற்க வேண்டும். அதில் பெரும்பகுதி பிரேக்கைப் பற்றியது.

நான் திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஜெர்மனியிலிருந்து தம்பி கப்பல் சாமானோடு அனுப்பிய சைக்கிள். (விமானத்தில் வரும் உறவினரிடம் கொடுத்தனுப்பலாம் என்று எண்ணாதீர்கள். 160 வாட்-மணிக்கு (பற்றரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) மேற்பட்ட மின் சைக்கிள் பற்றரியைப் பயணப் பொதியில் ஏற்ற விடமாட்டார்கள். மலைச் சைக்கிளின் பற்றரி 500, 600 வாட்-மணி இருக்கும்.) ஐரோப்பிய விதிப்படி செய்த வண்டி என்பதால், மிதித்தால் மட்டுமே 250 வாட் மோட்டார் துணைக்கு வரும், வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டியதும் துணை நின்றுவிடும்.

வண்டியின் எடை 23, 24 கிலோ. மோட்டார் இல்லாத மலைச் சைக்கிளைவிட எட்டு, பத்துக் கிலோ அதிகம். ஏறும்போது அந்தச் சுமை தெரியவே தெரியாது. அதனால்தான் புதியவர்கள் தங்கள் திறமைக்கு மேற்பட்ட உயரத்துக்கு எளிதாக ஏறிவிடுகிறார்கள். சாதாரணச் சைக்கிளில் அந்த உயரத்துக்கு ஏறும் வலு வருவதற்குள் இறங்கும் பழக்கமும் கூடவே வந்துவிடும். மோட்டார் அந்த இடைக்காலத்தை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. தம்பி தொலைபேசியில் முதலில் சொன்னதும் இதைத்தான்: "அக்கா, மேலே போவதற்கு முன் அதே பாதையில் இறங்க முடியுமா என்று பாருங்கள்."

இறங்கும்போது இருக்கையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இரண்டு பெடல்களும் தரைக்கு இணையாக, முழங்காலும் முழங்கையும் சற்று மடிந்து, உடலின் பாரம் பாதங்களில் நிற்க வேண்டும். கைகளில் பாரம் ஏறினால் முன்சக்கரம் கல்லில் தட்டும்போது ஹாண்டில் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. இரு பிரேக்கையும் ஒவ்வொரு விரலால் பிடியுங்கள். டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் ஹாண்டிலைப் பற்றியிருக்கட்டும். நம் ஊரில் பலர் முன் பிரேக்குக்குப் பயந்து பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கப் பழகியிருக்கிறோம். பாரமான வண்டி அப்படி நிற்காது. நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதை நேரான பாதையில், வளைவுக்கு முன்பே, மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். கிறவல் பாதையில் வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். கீழே இறங்கும்வரை பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே வருவதும் நல்லதல்ல. டிஸ்க் சூடேறிப் பிடிப்புக் குறையும்.

இதைத் தார் வீதியில், உவர்மலைச் சரிவுகளில் காலை வேளையில் பழகலாம். கை பழகிய பிறகு கன்னியாப் பக்கத்துக் கிறவல் பாதைகளுக்குப் போகலாம். கண்ணையும் பழக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி அந்தக் கல்லின்மேல்தான் போகும். ஏழெட்டு மீற்றர் முன்னால், நீங்கள் போக விரும்பும் இடத்தைப் பாருங்கள்.

ஏறி உட்காரும்போது ஒரு எச்சரிக்கை. மிதிக்கும் விசையை அறியும் உணரி பெடல் அச்சில் இருக்கிறது. மோட்டாரின் துணையை உச்ச நிலையில் வைத்துவிட்டு, ஒரு காலைப் பெடலில் ஊன்றி ஏறினால் வண்டி முன்னே பாயும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். துணையை மிகக் குறைந்த நிலையில் வைத்துப் புறப்படுங்கள்.

கியர் மாற்றுவதிலும் பழைய பழக்கம் உதவாது. உங்கள் காலின் விசையும் மோட்டாரின் விசையும் சேர்ந்து ஒரே செயின் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகின்றன. ஏற்றத்தின் நடுவில் முழு அழுத்தத்தோடு கியர் மாற்றினால் செயின் அறுந்துபோகலாம். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். இடையில் மாற்றியே ஆகவேண்டுமென்றால், அரைச் சுற்றுக்குக் காலின் அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு மாற்றுங்கள். நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று மிதித்தால் மோட்டாரும் சூடாகாமல் ஓடும், முழங்காலும் நோகாது.

பற்றரி எவ்வளவு தூரத்துக்கு வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்கு எளிது. கிலோமீற்றருக்கு 10 வாட்-மணி செலவழித்தால் 500 வாட்-மணி பற்றரி 50 கிலோமீற்றருக்கு வரும். 20 செலவழித்தால் 25 கிலோமீற்றரில் தீரும். உச்ச நிலையில் கிறவலிலும் மணலிலும் ஓட்டுபவருக்கு இரண்டாவது கணக்குத்தான். பற்றரி தீர்ந்த 24 கிலோ வண்டியை வெயிலில் மிதித்து வீடு சேர்வது கடும் வேலை.

இங்கே காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே மாதம் தொடங்கிக் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும். வெயில் ஏற ஏற அதுவும் வலுக்கும். ஆகையால் காலையில் பற்றரி நிறைந்திருக்கும்போது கன்னியாப் பக்கம், காற்றை எதிர்த்துப் போய்விடுகிறேன். திரும்பும்போது காற்றே முதுகில் தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கும். இந்த வரிசை மாறினால் பாதி வழியிலேயே பற்றரியின் கோடுகள் குறையத் தொடங்கும்.

லித்தியம் பற்றரிக்கு வெப்பம் ஆகாது. தகரக் கொட்டிலில், உச்சி வெயிலில் வண்டியை நிறுத்த வேண்டாம். ஓட்டி வந்த கையோடு சார்ஜில் போடாமல், பற்றரி ஆறும்வரை பொறுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றையும் இணைக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றாதீர்கள். மாரி காலத்தில் வாரக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் பாதி சார்ஜோடு குளிர்ந்த அறையில் வையுங்கள்.

மணலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்தில் அதைத் தவிர்க்க முடியாது. சைக்கிள் கடைகளில் டயரைக் கல்லாக இறுகும்வரை காற்றடித்துத் தருவார்கள். அகலமான மலைச் சைக்கிள் டயருக்கு அது கேடு. காற்றழுத்தத்தை 25 பி.எஸ்.ஐ. அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். உடல் எடை கூடியவர்கள் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். மணலில் மோட்டாரை உச்சத்தில் வைத்தால் பின்சக்கரம் குழி தோண்டி நின்றுவிடும். நடுத்தர நிலையில், இலகுவான கியரில், நிறுத்தாமல் சீராக மிதித்துக்கொண்டு, ஹாண்டிலை இறுக்காமல் போக வேண்டும். முன்சக்கரம் சற்று அலையும், அலையட்டும்.

கடலோரம் ஓட்டினால் அன்றே கழுவியாக வேண்டும். உப்புக் காற்றும் மணலும் செயினை அரித்துத் தேய்க்கும் வேகம் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பாதைகளில் இல்லை. நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் துணியால் துடையுங்கள். வாகனம் கழுவும் இடத்தில் அழுத்த நீரை அடிக்க விடாதீர்கள். அது மோட்டாரின் உள்ளும் அச்சுகளின் உள்ளும் நீரைப் புகுத்திவிடும். காய்ந்த பிறகு செயினுக்கு எண்ணெய் இடுங்கள். ஒரு துளிகூட பிரேக் டிஸ்க்கில் படக் கூடாது.

முள் இன்னொரு தொல்லை. நெருஞ்சியும் உடைமுள்ளும் இல்லாத பாதை இந்த மாவட்டத்தில் அரிது. டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் சிறு துளைகளைத் தானே மூடும். ஆனால் நம் வெப்பத்தில் சில மாதங்களிலேயே காய்ந்துவிடும் என்பதால் அடிக்கடி திறந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

மோட்டாரின் சத்தம் மிகவும் குறைவு. பிரட்றிக் கோட்டைப் பக்கம் வீதியில் திரியும் மான்களுக்கும் படுத்திருக்கும் மாடுகளுக்கும் நீங்கள் வருவது தெரியாது. மணியடித்துக்கொண்டே போங்கள். முதலிக்குளம், கந்தளாய்ப் பக்கம் யானைகள் நடமாடும். அங்கே மாலை நான்கு மணிக்குப் பிறகும் விடிவதற்கு முன்பும் நான் ஓட்டுவதே இல்லை. சத்தமில்லாமல் ஒரு வளைவில் திரும்பி யானையின் முன் போய் நிற்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. காட்டுப் பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஊரவர் நடந்தும் வண்டி ஓட்டியும் பழகிய தடத்தை விட்டு இறங்காதீர்கள். போர்க்காலத்தில் மிதிவெடி புதைக்கப்பட்ட மாவட்டம் இது. புதிய இடம் என்றால் அங்குள்ள ஒரு வயோதிபரிடமோ மாடு மேய்ப்பவரிடமோ கேட்டுவிட்டே உள்ளே போகிறேன்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் வண்டியோடு சேர்த்து இவற்றையும் வாங்கிவிடுங்கள்: இரண்டு சோடி பிரேக் பாட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை), ஒரு மேலதிகச் செயின், அறுந்த செயினை இணைக்கும் கண்ணி, பின்கியர் மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு. அந்தத் துண்டு வண்டி விழும்போது முதலில் வளைவது. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் வடிவம் வேறு என்பதால் உள்ளூர்க் கடையில் கிடைக்காது. வண்டியின் எடையால் பிரேக் பாட்டும் விரைவாகத் தேயும். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி பாட்டின் தடிப்பைப் பாருங்கள். புதிய பாட் போட்டதும் சமதரையில் பலமுறை வேகமெடுத்து மெல்ல நிறுத்தி, டிஸ்க்கோடு அதைப் படியவைத்த பிறகே சரிவுக்குக் கொண்டுபோங்கள்.