பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடம்

அன்புள்ள ஐயா,

நான் கவின்கலைக் கல்லூரியில் அச்சோவியம், அதாவது கட்டையிலோ தகட்டிலோ செதுக்கி மை தடவிக் காகிதத்தில் அச்செடுக்கும் ஓவியம், படித்தவன். இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர்களும் கல்யாணப் பத்திரிகைகளும் வடிவமைக்கிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு மணி வரை கணினித் திரைக்கு முன்னால்தான் இருக்கிறேன். என் கிராமத்தையும் என் பால்யத்தையும் மரச்செதுக்கு ஓவியங்களாக, ஒரு தொடராகச் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் கனவு. ஆனால் வயிற்றுப்பாட்டு வேலை என் கலையைத் தின்றுகொண்டிருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா? ஒரே படத்தை ஐம்பது பிரதி எடுக்க முடியும் என்பதால்தான் அச்சோவியத்தை இரண்டாம் தரமாக நினைக்கிறார்களா?

ஒரு வாசகர், சிவகாசி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஆங்கிலேய மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பியூயிக்கின் தன்வரலாற்றை மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். பிரதிகளைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உரியது. உளியைப் பிடித்திருப்பவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வயிற்றுப்பாட்டு வேலை கலையைத் தின்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது. இங்கிலாந்தின் வடக்கே, டைன் ஆற்றங்கரையில், செர்ரிபர்ன் என்ற சிறு பண்ணை வீட்டில் 1753இல் பிறந்தவர் பியூயிக். எட்டுக் குழந்தைகளில் மூத்தவர். தந்தை குத்தகை விவசாயி; பக்கத்திலேயே சிறியதாக ஒரு நிலக்கரிச் சுரங்கமும் வைத்திருந்தார். பதினான்கு வயதில் பையனை நியூகாசில் நகரத்தில் ரால்ஃப் பெய்ல்பி என்ற செதுக்கு வேலைக்காரரிடம் ஏழு வருடத் தொழில்பழகுநராகச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டறையில் செய்த வேலைகளைப் பியூயிக்கே சொல்கிறார்: கடிகார முகப்புகள், கதவில் பதிக்கும் பெயர்த்தகடுகள், சவப்பெட்டித் தகடுகள், முத்திரைகள், இறந்தவர் நினைவாக அணியும் மோதிரங்கள். சவப்பெட்டித் தகட்டில் பெயர் வெட்டிய கைதான் பிறகு ஆந்தையின் இறகை ஒவ்வொன்றாக வெட்டியது. உலோகத்தில் எழுத்து வெட்டும் அதே கூர்முனைக் கருவியைத்தான் அவர் மரத்துக்கும் கொண்டுவந்தார். பலகைவாக்கில் அறுத்த மரத்தில் அது ஓடாது, நார் பிய்ந்துவிடும் என்பதால், பாக்ஸ் என்ற கெட்டியான மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செதுக்கினார். பட்டறை தின்றிருந்தால் இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

அவருடைய 'நாற்கால் விலங்குகளின் பொது வரலாறு' 1790இல் வெளிவந்தது. அதன் படங்களைப் பெரும்பாலும் பகல் வேலை முடிந்த மாலைகளில்தான் செதுக்கினார். ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் படத்தைச் செதுக்கிய நாள் 1785 நவம்பர் 15 என்று குறித்திருக்கிறார். அது அவருடைய தந்தை இறந்த நாள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறேன். அதற்கு முந்தைய எட்டு வருடங்களும் அனேகமாக வாரந்தோறும் நியூகாசிலிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நடந்து பெற்றோரைப் பார்க்கப் போனவர் அவர். ஆற்றில் வெள்ளம் வந்து கடக்க முடியாதபோது, இக்கரையில் நின்று குரல் கொடுத்து, அப்பா அம்மா நலமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறார். வேலை நேரத்தை வைத்து நீங்கள் போடும் கணக்கை அந்த நடைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே வெளியிட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் 'என் கிராமம்' என்ற சொல் பதினோரு இடங்களில் வருகிறது. ஒரு மரத்தின் பெயர்கூட இல்லை. ஒரு மாட்டின் நிறம் இல்லை. மண்ணின் வாசம், அம்மாவின் பாசம், இழந்த சொர்க்கம் என்றெல்லாம் இருக்கிறது. அந்த வாய்க்காலில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடியது என்பது இல்லை. நாளைக்கே வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுக்க மரத்தின் முன்னால் உட்கார்ந்தாலும் எதைச் செதுக்குவீர்கள்? பாசத்தை எந்த உளியால் வெட்டுவது? உங்களிடம் குறைவது நேரமல்ல, தம்பி. பார்த்ததை நீங்கள் இன்னும் நினைவிலிருந்து எடுத்து வைக்கவில்லை.

பியூயிக் பள்ளிக்கூடத்தில் சிலேட்டின் ஓரங்களிலும் புத்தகத்தின் ஓரங்களிலும் வரைந்தார். அங்கே இடம் தீர்ந்ததும் தேவாலயத்துக் கல்லறைக் கற்களிலும் வாசல்தளத்திலும் சுண்ணக்கட்டியால் வரைந்தார். வீட்டில் அடுப்படிக் கல்லில் வரைந்தார். பிறகு காகிதம் கிடைத்தபோது மையும் முட்செடிப் பழச்சாறும் அவருக்கு வண்ணமாயின. அதே சிறுவன் ஒருநாள் கல்லெறிந்து ஒரு புல்ஃபிஞ்ச் குருவியை வீழ்த்தினான். கையில் எடுத்தபோது, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பதுபோல அது அவன் முகத்தைப் பார்த்தது. அதன்பின் அவன் ஒரு பறவையையும் கொல்லவில்லை. 1797இலும் 1804இலும் இரண்டு பாகங்களாக வந்த 'பிரிட்டிஷ் பறவைகளின் வரலாறு' அந்தப் பார்வைக்கு முன்னால் நின்றவனின் புத்தகம் என்றே நான் நம்புகிறேன். நேரில் பார்க்காத விலங்குகளை, மற்றவர்களின் படங்களைப் பார்த்துச் செதுக்கியபோது, அவர் கையிலும் அவை விறைத்துத்தான் நிற்கின்றன. சொந்த ஊரின் பறவைகளோ இப்போதுதான் கிளையில் வந்து உட்கார்ந்தவை போல இருக்கின்றன.

ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன். இந்தப் புத்தகங்களில் ஒரு விலங்கையோ பறவையையோ பற்றிய விவரம் முடிந்ததும், பக்கத்தின் அடியில் வெற்றிடம் மிஞ்சினால், அங்கே உள்ளங்கையில் அடங்கும் ஒரு படம் வைப்பார். விலங்கியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்படி ஒன்றில் ஒருவன் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். பின்னால் பாலம் இருக்கிறது. பாலத்தில் போனால் சுங்கக்காசு கொடுக்க வேண்டும். அதை மிச்சம் பிடிக்கத்தான் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். அவன் தொப்பி போய்விட்டது. அதன் விலை சுங்கத்தைவிட அதிகம். தொலைவிலுள்ளவை மங்கித் தெரிய வேண்டுமென்றால் கட்டையின் அந்தப் பகுதியை மயிரிழை அளவுக்குச் சுரண்டித் தாழ்த்திவிடுவார். அச்சின் அழுத்தம் அங்கே மெல்ல விழும், கறுப்பு சாம்பலாகும். வாலைப் பிடித்த மனிதனின் முதுகில் ஏறியிருக்கும் ஈரம்வரை அந்தச் சிறு கட்டைக்குள் இருக்கிறது. இதை அவர் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அவருடைய ஆற்றங்கரையில் பிச்சைக்காரர்களும் கால் இழந்த சிப்பாய்களும் தூக்குமரமும் இருந்தன, எல்லாவற்றையும் வெட்டிவைத்தார்.

என் தாய்மாமன் ஒரு பாத்திரக்கடையில் பெயர் வெட்டுபவராக இருந்தார். மின்சார மெஷின் வருவதற்கு முந்தைய காலம். கடை வாசலில் மணைக்கட்டையில் உட்கார்ந்து, குடத்தைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, சின்ன உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாக அடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கொடுப்பவர் பெயர், வாங்குபவர் பெயர், தேதி. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. புள்ளி எழுத்தின் மேல்புள்ளிக்குக் காசு உண்டா இல்லையா என்று முதலாளியோடு வாரம் ஒருமுறை சண்டை வரும். இத்தனைக்கும் நடுவில், தேதியை வெட்டி முடித்தபின், யாரும் கேட்காமலே ஆறு இதழ் கொண்ட ஒரு பூவையும் வெட்டுவார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டாலும் பூ இல்லாமல் பாத்திரத்தைக் கையை விட்டுக் கொடுத்ததில்லை. அது என்ன பூ மாமா என்று கேட்டேன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்ற நந்தியாவட்டை என்றார். நந்தியாவட்டைக்கு ஐந்து இதழ்தானே என்றேன். உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் முதல் ஐந்து இதழ்தான் வெட்டினார்.

வேலையை விட வேண்டாம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் ஊர் வாய்க்காலின் ஓரத்தில் எந்தச் செடி நின்றது, அதன் இலை எதிரெதிராக இருந்ததா மாறிமாறி இருந்ததா என்று யோசித்து, தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்ததை ஒரு கட்டையில் வெட்டி, ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள். கடிதம் வேண்டாம்.

அன்புடன்.