மோசே எகிப்தியனை வெட்டினாரா, அடித்தாரா?

கேள்வி: யாத்திராகமம் 2:12-ல் மோசே எகிப்தியனை "வெட்டி" மணலில் புதைத்தார் என்று தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. எபிரேயத்தில் அங்கே வாள் உண்டா? நான் பணம் கட்டிச் சேர்ந்திருக்கும் இணைய வகுப்பில், அந்தச் சொல் "நாகா", எண் 5221, அதற்குக் கொல்லுதல் என்றே பொருள் என்கிறார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

பதில்: வாள் இல்லை. "அடித்தார், அவன் செத்துப்போனான்" என்று சொல்லுங்கள்.

11, 12, 13 மூன்று வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். எகிப்தியன் எபிரெயனை அடிக்கிறான், மோசே எகிப்தியனை அடிக்கிறார், மறுநாள் ஒரு எபிரெயன் இன்னொருவனை அடிக்கிறான். மூன்றுக்கும் ஒரே வினைதான். கொல்லுதல் என்றே பொருள் என்றால் முதல் நாளும் மறுநாளும் எபிரெயர்களின் பிணமும் விழுந்திருக்க வேண்டும். எகிப்தியன் செத்தது, அவனைப் புதைத்ததால் நமக்குத் தெரிகிறது. 14-ஆம் வசனத்தில் "கொன்றுபோட்டதுபோல" என்று வருவது வேறு வினை, ஹாரக். வாள் இருந்தால் எபிரேயம் பெரும்பாலும் அதைச் சொல்லிவிடும். யோசுவாவில் திரும்பத் திரும்ப வரும் "பட்டயக்கருக்கினால்" (வாளின் கூரால்) அப்படிப்பட்டது.

உங்கள் ஆசிரியரை நீதிமொழிகள் 23:13-க்கு அழைத்துப் போங்கள். "பிரம்பினால் அடித்தால் அவன் சாகான்." அதே வினை. கொன்றால் சாகமாட்டான் என்றா போதிப்பார்?

இந்த எண் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 5221 என்பது 1890-ல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட சொல்லடைவின் வரிசை எண். பழைய ஆங்கில வேதாகமம் அந்தச் சொல்லை எப்படியெல்லாம் மொழிபெயர்த்தது என்று அடியில் பட்டியல் இருக்கும். அதிலிருந்து பிடித்ததைப் பொறுக்கி "மூல அர்த்தம்" என்று விற்கிறார்கள். சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் வேறு. எழுத்தெழுத்தாகப் படம் வரைந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு "வெளிப்பாடு" சொல்கிறவர்கள் இதைவிட மோசம். இறையியல் கல்லூரிகளும் இதற்குக் காரணம்தான். வினை அட்டவணையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யவைத்து, அதோடு விட்டுவிடுகிறார்கள். படித்துவந்த போதகரே கடைசியில் எண்ணைத் தேடுகிறார்.

இலக்கணம் கொஞ்சம். இந்த வினை ஏறக்குறைய 500 இடங்களில் வருகிறது. "நாகா" அகராதிக்காரர்கள் வேர் எழுத்துகளைக் கொண்டு அமைத்த தலைச்சொல். அந்த எளிய வினை வடிவம் வேதத்தில் எங்கும் இல்லை. வருவது பெரும்பாலும் ஹிஃபில் (எபிரேய வினை எடுக்கும் வடிவங்களில் ஒன்று): ஹிக்கா, "அடித்தான்". நம் புணர்ச்சியில் எழுத்து திரிவதுபோல, வேரின் நூன் (ன் எழுத்து) காஃபுக்குள் (க் எழுத்துக்குள்) கரைந்து காஃப் இரட்டிக்கிறது. 2:12-ல் உள்ள "வய்யாக்"கில் கடைசி எழுத்தும் விழுந்து, வேரில் மிஞ்சுவது காஃப் மட்டும்.

ஹிஃபில் என்றால் பிறவினை என்று வகுப்பில் சொல்வார்கள். இங்கே அது செல்லாது. செல்லும் என்றால் மோசே ஆள் வைத்து "அடிப்பித்தார்" என்று ஆகும்!

ஒரு விதிவிலக்கு மட்டும் பாருங்கள். 2 சாமுவேல் 11:15, தன் போர்வீரன் உரியாவைப் போர் முன்னணியில் நிறுத்தச் சொல்லி தாவீது எழுதிய கடிதம். "வெனிக்கா வாமேத்", அடிபட்டுச் சாகும்படி. நிஃபால் என்னும் வடிவத்தில் (பெரும்பாலும் செயப்பாட்டுவினை போன்றது) இந்த வினை வருவது வேதம் முழுவதிலும் இங்கே மட்டும்தான். தொடக்கத்தில் தெரியும் நூன் வேரின் நூன் என்று நினைத்துவிடாதீர்கள். அது நிஃபாலின் முன்னொட்டு. வேரின் நூன் வழக்கம்போல காஃபுக்குள் போய்விட்டது. இதைப் பார்த்து "நாகா கிடைத்துவிட்டது" என்று குதிப்பவர்கள் உண்டு. அப்புறம் "சாகும்படி" என்பதைத் தாவீது தனியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அடிபட்டான் என்றாலே செத்தான் என்று ஆகிவிடாது. யாத்திராகமம் 21-லும் இதே கதைதான். 12-ஆம் வசனத்தில் சாவு தனியாகச் சொல்லப்படுகிறது. தாய் தகப்பனை அடிக்கிறவனைப் பற்றிய 15-ஆம் வசனத்தில் அது இல்லை. அங்கே அடித்தாலே மரண தண்டனை.

வகுப்புக்கு அடுத்த தவணை கட்டுவதற்கு முன் நீதிமொழிகள் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கட்டாதீர்கள்.