சான்றிதழுக்கு ஒரு கடன், அதை அடைக்க இன்னொரு படிப்பா?

கேள்வி: மகள் கோவையில் பி.இ. சைபர் செக்யூரிட்டி முடித்து, சென்னையில் எஸ்.ஓ.சி. அனலிஸ்ட்டாக (இணையத் தாக்குதல் நடக்கிறதா என்று கண்காணிக்கும் வேலை) இருக்கிறாள். இரவு ஷிப்ட், கைக்கு வருவது 27,000 ரூபாய். கல்விக் கடன் 7.5 லட்சம், அடுத்த மாதம் தவணை தொடங்குகிறது. இதற்கிடையே 'வேலை உறுதி' பயிற்சி ஒன்றுக்கு மாதம் 7,500, எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழுக்குக் கிரெடிட் கார்டில் 4,200 கட்டுகிறாள். விடுதிச் செலவுக்கு நான்தான் பணம் அனுப்புகிறேன். வீட்டை அடமானம் வைத்து 28 லட்சம் வாங்கி, அவளை இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க வைக்கச் சொல்லி என் மைத்துனர் நெருக்குகிறார். என்ன செய்வது?
- வாசகர், ஈரோடு

பதில்: படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் 10.5 சதவீதத்தில் வட்டி போட்டால் சுமார் 2.75 லட்சம். ஆக, கடன் இப்போது ஏறக்குறைய 10.25 லட்சம். பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் 13,800. மற்ற இரண்டு தவணைகளும் சேர்ந்து 11,700. சம்பளத்தில் மிஞ்சுவது 1,500!

கல்விக் கடன் மட்டும் என்றால் இந்தச் சம்பளத்தில் சமாளித்துவிடலாம். பயம் வரும்போதெல்லாம் ஒரு சான்றிதழைத் தவணையில் வாங்கும் பழக்கம்தான் கழுத்தை நெரிக்கிறது. மைத்துனர் சொல்வதும் அதே பழக்கம்தான், தொகைதான் பெரிது.

இந்தத் துறையில் மதிப்புள்ள சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்குத் தேர்வில் தேறினால் போதாது, ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். பட்டம் இருந்தால் ஓராண்டு சலுகை. ஊடுருவல் சோதனைக்கான ஓஎஸ்சிபி சான்றிதழ் என்றால் ஏறத்தாழ 24 மணி நேரம் உட்கார்ந்து கணினிகளை ஊடுருவிக் காட்ட வேண்டும். அந்த அனுபவத்தை எந்தப் பயிற்சி மையமும் விற்பதில்லை. உங்கள் மகளுக்கு அது சம்பளத்தோடு கிடைத்துக்கொண்டிருக்கிறது. இணையத் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. நள்ளிரவிலும் திரையைப் பார்க்க ஆள் தேவைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். வந்து விழும் எச்சரிக்கைகளில் எது பொய், எது நிஜம் என்று ஒன்றரை, இரண்டு ஆண்டு பிரித்துப் பழகியவர்களைத்தான் அடுத்த நிலை வேலைக்குத் தேடுகிறார்கள். அதற்குள் அவளை அங்கிருந்து கிளப்பாதீர்கள்.

இங்கிலாந்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 28 லட்சம், 11 சதவீதம், தவணை தொடங்கும்போது சுமார் 34 லட்சம். மாதம் 46,000-க்கு மேல், பத்தாண்டு. இப்போதுள்ள கடன் தனி. படிப்புக்குப் பிறகு அங்கே தங்கும் காலம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதன்பின் வேலை பார்க்கத் தேவையான திறன் பணியாளர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாகப் படித்து வருபவர்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. அரசு சார்ந்த பாதுகாப்புப் பணிகள் பலவற்றுக்கு, வழக்கமாக ஐந்தாண்டு அங்கேயே வசித்திருக்க வேண்டும். மைத்துனருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வரி மிச்சமாகும் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள்: புதிய வரி முறையில் கல்விக் கடன் வட்டிக்கான சலுகை கிடையாது, இந்தச் சம்பளத்துக்கு எப்படியும் வரி வராது.

'வேலை உறுதி' பயிற்சியின் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பல இடங்களில் அது ஏதோ ஒரு நிதி நிறுவனம் மகள் பெயரில் கொடுத்த தனிநபர் கடன். மையம் மூடப்பட்டாலும் கடன் தொடரும், கட்டாவிட்டால் சிபில் (கடன் தகுதி) மதிப்பெண் அடிவாங்கும். 'வட்டியில்லாத் தவணை' என்றால் வட்டி பெரும்பாலும் விலைக்குள்ளேயே இருக்கும்.

முதலில் கார்டு பாக்கியை முடியுங்கள், பிறகு பயிற்சிக் கடனை. அவை தீரும்வரை புதிய சான்றிதழ் எதுவும் வேண்டாம். படிக்க ஆசையிருந்தால் ஐஐடிகளின் என்பிடிஇஎல் இணையப் பாடங்களும் போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் வலைப் பாதுகாப்புப் பயிற்சியும் இலவசம். தேறினால் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்களும் உண்டு. மனிதவளப் பிரிவில் கேட்கச் சொல்லுங்கள்.

தவணை தொடங்குமுன் வங்கிக்குப் போய், கடன் காலத்தை 15 ஆண்டாக்கித் தரும்படி எழுதிக் கொடுங்கள். தவணை 11,300 ஆகக் குறையும். சிறு கடன்கள் தீர்ந்ததும் அந்த 11,700-ஐ அப்படியே இதில் கூடுதலாகக் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டியே அடைப்பதற்கான அபராதம் கிடையாது. இரண்டுமாகச் சேர்த்து 23,000 கட்டினால் ஐந்தாண்டுக்குள் கல்விக் கடன் முடிந்துவிடும். அவ்வளவு இறுக்க வேண்டாமென்றால் அந்த 11,700-ல் பாதியை மட்டும் கூடுதலாகக் கட்டினாலும் எட்டு ஆண்டுக்குள் தீரும்.